வாயசைக்காத சிப்பாய்களை வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர்

வீடியோ கேமில் ஓடித் திரியும் சிப்பாய்களை ஓரிடத்தில் நிறுத்தி, அவர்களுக்கு நாமே குரல் கொடுத்து, நகைச்சுவைத் தொடராக எடுப்பது. மொரிஷியஸில் நாங்கள் சிலர் 2020 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறோம். கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த கேம், என்ன கம்ப்யூட்டர், எடிட்டிங் எதில் என்பதுதான். யார் பேசினார்கள், எந்த அறையில் பேசினார்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் பக்கத்தில் இருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஹெல்மெட் போட்ட சிப்பாய்க்கு முகம் தெரியாது, வாய் அசையாது, புருவத்தைத் தூக்க முடியாது. சிரிப்பு காது வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இந்தக் கலை பிறந்தபோது குரலே இல்லை. 1996இல் 'க்வேக்' என்ற துப்பாக்கிச் சண்டை கேமை விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழு 'டயரி ஆஃப் எ கேம்பர்' என்று 2 நிமிடம்கூட ஓடாத ஒரு படத்தைச் செய்தது. அதில் பேச்செல்லாம் திரையில் எழுத்தாகத்தான் வரும். கேம் காட்சிகளை வைத்து உலகத்தையே சிரிக்க வைக்கலாம் என்று காட்டியது 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய 'ரெட் வெர்சஸ் ப்ளூ'. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில், பர்னி பர்ன்ஸும் அவருடைய நண்பர்களும் விண்வெளிச் சிப்பாய்கள் சண்டைபோடும் 'ஹாலோ' விளையாட்டை எக்ஸ்பாக்ஸ் என்ற கேம் பெட்டியில் ஓட்டி எடுத்தது. ரூஸ்டர் டீத் என்பது அவர்கள் நிறுவனத்தின் பெயர். ஆறு முதல் எட்டு பகுதிகளோடு நிறுத்திவிடுவதுதான் ஆரம்பத் திட்டம். முதல் கதை மட்டுமே 100 பகுதிகள் ஓடி 2007இல் முடிந்தது. தொடர் மொத்தமாக முடிவுக்கு வந்தது 2024இல்தான்.

அதன் முதல் பகுதியில் நடப்பது இவ்வளவுதான்: நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு, அதில் எதிரெதிரே இரண்டு முகாம்கள். ஒரு முகாமின் மேல் இரண்டு சிப்பாய்கள் நிற்கிறார்கள். நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்று ஒருவன் கேட்கிறான். மற்றவன் அதைப் பெரிய தத்துவக் கேள்வியாக எடுத்துக்கொண்டு விடுகிறான். சண்டை இல்லை, வெடி இல்லை. இரண்டு பேர் நின்றுகொண்டு பேசுகிறார்கள். நான் இதை முதலில் பார்த்தபோது எனக்கு மேடை நாடகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

நான் தொழிலால் தமிழ் ஆசிரியர். ஆரம்பப் பள்ளியில் கற்பிக்கிறேன். எங்கள் பள்ளிகளில் தமிழ் ஒரு பாடம். வகுப்பில் 'வணக்கம்' சொல்லும் பிள்ளைகள் மணியடித்து வெளியே போனதும் கிரியோலில்தான் (பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் நாட்டுப் பேச்சுமொழி) கத்துவார்கள், வீட்டிலும் அப்படித்தான். அமைச்சகம் நடத்தும் தேசிய நாடக விழாவில் தமிழுக்கும் ஒரு பிரிவு உண்டு. அதற்காகவே எங்கள் பக்கத்தில் ஒரு குழு இருந்தது: இரண்டு மூன்று ஆசிரியர்கள், ஒரு ஓய்வுபெற்ற பெரியவர், பழைய மாணவர்கள் சிலர். 2020 மார்ச் 20 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஒத்திகை நின்றது. பிறகு வாட்ஸாப்பில் எல்லாரும் எல்லாருக்கும் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தோம். என் அக்கா மகன்தான், "மாமா, இதைப் பாருங்க" என்று அந்தத் தொடரைக் காட்டினான். அவனிடம் ஒரு பழைய எக்ஸ்பாக்ஸ் 360, 'ஹாலோ 3' டிஸ்க். அக்காவும் நானும் ஒரே வளவில் மேல் வீடு, கீழ் வீடு. படப்பிடிப்பு ஊரடங்கிலும் நடந்தது அதனால்தான்.

கதைக்கு நாங்கள் எங்கும் அலையவில்லை. அந்த நாட்களில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவதற்கே குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி முறை வைத்திருந்தார்கள். ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும், ஜி முதல் என் வரை செவ்வாயும் வெள்ளியும், ஓ முதல் இசட் வரை புதனும் சனியும். எங்கள் முதல் பகுதியின் கதை அதுவே. படைத்தலைவர் பாடநூல் தமிழ் தவிர வேறு எதுவும் பேசாதவர். சிப்பாய் பாதி கிரியோல், பாதி வீட்டுத் தமிழ். இங்கே முழுவதையும் தமிழில் தருகிறேன் ('செஃப்' மட்டும் கிரியோல், தலைவர் என்று பொருள்):

"வீரனே! எதிரி அணுகுகிறான். ஆயத்தமாக இரு!"

"செஃப், இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்போ நான் வெளிய வர முடியாது. என் பேரு 'வி'. புதன், சனிதான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எதிரியின் பெயர் யாது?"

"கோவிந்தன்."

"ஜி..."

இன்னும் கொஞ்ச நேரம்.

"அவன் வருவது சட்டப்படி சரியே."

எழுத்தில் படிக்கும்போது இது சுமாரான நகைச்சுவைதான். 'ஜி...' என்று இழுத்துவிட்டுத் தலைவர் மனதுக்குள் கணக்குப் போடுகிற அந்த இடைவெளி சரியாக விழுந்தால்தான் சிரிப்பு. அந்த இடைவெளியை உண்டாக்குவதற்குள் நாங்கள் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

ஊரடங்கில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாதே. ஆகவே அவரவர் வீட்டில் இருந்தபடி, கைப்பேசியில் வசனத்தைச் சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு குரலும் தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கும். சேர்த்து ஒட்டினால் இரண்டு பேர் இரண்டு வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். கேள்வி கேட்டவரின் எரிச்சல் பதில் சொல்பவரின் காதில் விழவில்லை, அதனால் பதிலில் எரிச்சல் இல்லை. வாட்ஸாப்பின் குரல் பதிவு ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது, அது வேறு. அப்புறம் ஒரு வழி கண்டோம். இரண்டு பேரும் தொலைபேசியில் ஒருவரையொருவர் கேட்டபடி பேசுவது, காதில் இயர்ஃபோன். அதே நேரம் ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் இன்னொரு கருவியில் தன் குரலை மட்டும் பதிவு செய்வது. தொடங்கும்போது இருவரும் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி ஒரு கைத்தட்டு. பிறகு எடிட்டிங்கில் அந்தத் தட்டு ஒன்றின்மேல் ஒன்று விழும்படி வைத்தால் பேச்சு ஒட்டிக்கொள்ளும். தூரத்தில் இருக்கும் நண்பரோடு சேர்ந்து செய்கிறவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன். இருந்தாலும் இது இரண்டாம் தரம்தான். ஊரடங்கு தளர்ந்ததும் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்தோம். அன்றைக்குத்தான் எங்கள் தொடருக்கு உயிர் வந்தது.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது வாக்குவாவுக்கும் க்யூர்பீப்புக்கும் நடுவில். தீவிலேயே மழை அதிகம் பெய்யும் மேட்டு நிலம். தகரக் கூரை போட்ட பின்கட்டில் மழைக்காலத்தில் பதிவு செய்ய நினைக்கவே முடியாது. மாலையில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். அவர் போனதும் தெரு நாய்கள். ஆகவே வீட்டில் நடுவில் இருக்கும், ஜன்னல் குறைவான படுக்கையறைதான் எங்கள் ஸ்டூடியோ. சுவரில் மெத்தையைச் சாய்த்து, அலமாரிக் கதவைத் திறந்து வைத்து (உள்ளே தொங்கும் துணிகள் எதிரொலியை நன்றாகக் குடிக்கும்), தரையில் கனமான போர்வை. ஃபேனை நிறுத்திவிட வேண்டும். ஜனவரியில் இது கொடுமை. ஃப்ரிட்ஜ் பக்கத்து அறையில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மறுபடி போடுவதை மறக்காமல் இருக்க, வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது அல்லவா?

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். நேராக வைத்தால் 'ப' வரும் இடத்திலெல்லாம் காற்று அடிக்கும். தமிழில் 'படைத்தலைவர்', 'பீரங்கி', 'போர்' என்று சிப்பாய் வசனத்தில் 'ப'வுக்கா பஞ்சம்? யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். வசனங்களுக்கு நடுவே இடைவெளியை நீட்டும்போது அந்த இடத்தில் இதை வைக்கலாம். வெறும் மௌனத்தை வைத்தால் ஒலி அறுந்து விழுந்ததுபோல் தெரியும், சிரிப்பும் அதோடு அறுந்துவிடும்.

ஒருவர் பேசும்போதே மற்றவர் குறுக்கே பேசுவது நகைச்சுவைக்கு நல்லது. ஆனால் ஒரே மைக்கில் இரண்டு குரலும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. எங்களிடம் வெகு காலம் ஒரு மைக்தான் இருந்தது. ஆகவே ஒரு முறை இஷ்டப்படி முட்டி மோதிப் பேச விடுவோம். இன்னொரு முறை ஒருவர் முடித்தபின் மற்றவர். பெரும்பாலும் முதல் முறையைத்தான் பயன்படுத்தினோம். இரண்டாவது, ஏதாவது ஒரு சொல் விழுங்கப்பட்டிருந்தால் அதற்குக் கைகொடுக்க.

மேடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மைக் முன்னால் ஒரு சிரமம் உண்டு. எங்கள் நாடகங்களில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேசுவது வழக்கம். மைக்கில் அது காதைக் கிழிக்கும். எல்லாரையும் பக்கத்தில் தூங்கும் குழந்தை எழுந்துவிடாத அளவுக்குப் பேசச் சொன்னோம். படைத்தலைவருக்குக் குரல் கொடுத்த பெரியவர் மட்டும் கேட்கவில்லை. "தம்பி, நான் தலைவன். தலைவன் முணுமுணுப்பானா?" என்றார். அவரை மைக்கிலிருந்து நாலடி தள்ளி நிற்க வைத்தோம். மற்றவர்கள் எல்லாம் சாதாரணமாகப் பேச, இவர் ஒருவர் மட்டும் ராஜசபையில் நிற்பதுபோல் முழங்குவார். தொடரில் அதிகம் பேர் விரும்பியது அந்தக் குரலைத்தான். மாணவர்கள் இப்போது 'ஆயத்தமாக இரு' என்று ஒருவரையொருவர் மிரட்டிக்கொள்கிறார்கள்; பாடநூலிலிருந்து அந்தச் சொல்லை நான் எத்தனையோ முறை எழுதப் போட்டும் மனதில் நிற்காதது, இதில் நின்றுவிட்டது.

ஒரு பெற்றோர் என்னிடம் வந்து, "சார், நல்ல தமிழைக் கேலி செய்கிறீர்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் எங்களுக்குள் ஒரு விதி வைத்திருக்கிறோம்: தலைவர் பேசும் தமிழில் இலக்கணப் பிழை இருக்கக்கூடாது, கடைசியில் அவர் சொன்னதுதான் பலிக்க வேண்டும். மாட்டிக்கொண்டு முழிப்பது எப்போதும் சோம்பேறிச் சிப்பாய். அவரிடம் இதைச் சொன்னேன். முழுசாகச் சமாதானம் ஆனாரா என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த பகுதி எப்போது என்று அவர்தான் முதலில் கேட்டார்.

சரி, படம் எடுக்கிற வேலைக்கு வருவோம். குரல் முழுக்க வெட்டி ஒட்டி, இடைவெளியெல்லாம் சரி செய்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே சிரிப்பு வருகிறது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் நாங்கள் கேமை ஆன் செய்வோம். பிறகு அந்த ஒலியை அறையில் சத்தமாக ஓட்டிவிட்டு, ஆளுக்கொரு கன்ட்ரோலரைப் பிடித்து, அதற்கேற்பச் சிப்பாய்களை அசைப்போம். இது பாவைக்கூத்துதான், நூலுக்குப் பதில் பட்டன். பேசுகிறவன் தலையை லேசாக மேலும் கீழும் ஆட்ட வேண்டும். கேட்கிறவன் ஆடாமல் நிற்க வேண்டும். யார் பேசுகிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிவதற்கு வேறு அடையாளமே கிடையாது, கவசத்தின் நிறத்தைத் தவிர.

'ரெட் வெர்சஸ் ப்ளூ' தொடங்கிய காலத்தில் இதற்கே ஒரு தந்திரம் வேண்டியிருந்தது. கேமில் சிப்பாய் எப்போதும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டுதான் நிற்பான். நண்பனோடு பேசும்போதும் அவன் நெஞ்சுக்கு நேராகக் குழல் இருக்கும். முதல் ஹாலோவில் ஒரு கோளாறு: கைத்துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு தரையைக் குறிபார்த்தால், உடம்பு துப்பாக்கியைத் தாழ்த்தும், தலை மட்டும் நேரே பார்க்கும். அதை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு ஆட்டக்காரரின் பார்வைதான் கேமரா. திரையில் தெரியும் குறிகளையும் துப்பாக்கியையும் மறைக்க மேலும் கீழும் கறுப்புப் பட்டை. பிறகு 2004இல் 'ஹாலோ 2' வந்தபோது, அதைச் செய்த பங்கி நிறுவனம் இப்படிப் படம் எடுப்பவர்களுக்காகவே துப்பாக்கியைத் தாழ்த்தும் வசதியை விளையாட்டுக்குள் வைத்தது.

எங்களுக்கு வேலை இன்னும் சுலபம். 2007இல் வெளிவந்த 'ஹாலோ 3'இல் தியேட்டர் என்று ஒரு பகுதி உண்டு. நாம் விளையாடிய ஆட்டத்தை அது வீடியோவாகச் சேமிப்பதில்லை. யார் எங்கே நின்றார், எப்போது எந்தப் பக்கம் திரும்பினார் என்ற விவரத்தைச் சேமிக்கிறது. ஆகவே அதை மறுபடி ஓட்டும்போது கேமராவை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஒரு முறை நன்றாக நடித்துவிட்டால் போதும். ஒரு ஓட்டத்தில் தலைவரின் முகத்தருகே, அடுத்த ஓட்டத்தில் சிப்பாயின் தோளுக்குப் பின்னால், இன்னொன்றில் தூரத்து மலையிலிருந்து என்று அதே நடிப்பை வெவ்வேறு கோணத்தில் எடுத்துக்கொள்ளலாம். மேடையில் நடித்தவர்களுக்கு இது மிகவும் ஒத்துப்போயிற்று; காட்சியை நடுவில் நிறுத்தாமல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நடிப்பதுதானே அவர்களுக்குப் பழக்கம். ஒன்று கவனம்: ஆட்டம் முடிந்ததும் படத்தைச் சேமித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதிது புதிதாக விளையாடும்போது பழையது பட்டியலிலிருந்து தானாகக் காணாமல் போகும்.

ஃபோர்ஜ் என்ற இன்னொரு பகுதியில் பெட்டி, தடுப்பு, கன்டெய்னர் என்று சாமான்களை நம் இஷ்டப்படி அடுக்கலாம். ஃபவுண்டரி என்ற ஆட்டக்களம் ஒரு பெரிய கிடங்கு. அதில் பெட்டிகளை வரிசையாக அடுக்கினோம், சூப்பர் மார்க்கெட் ஆயிற்று. கன்டெய்னர்களை அடுக்கினோம், போர்ட் லூயி துறைமுகம் ஆயிற்று. யாரும் குறை சொல்லவில்லை. சிப்பாய் 'எண்ணெய் தீர்ந்துபோச்சு' என்று சொன்னால் பார்க்கிறவர் அந்தப் பெட்டியில் எண்ணெயைத்தான் பார்க்கிறார்.

எக்ஸ்பாக்ஸ் 360க்கான ஹாலோ ஆன்லைன் சேவை 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது. எங்களுக்கு அதனால் நஷ்டமில்லை. இணையம் வழியாக விளையாடினால் சிப்பாய் தலையாட்டுவது வசனம் முடிந்தபிறகுதான் தெரியும்! ஆகவே பெரிய கதைக்கு இரண்டு எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளைக் கேபிளால் இணைத்துத்தான் எடுத்தோம். ஒரே பெட்டியில் திரையைப் பிரித்து 4 பேர் வரை விளையாடலாம். சிறிய கதைக்கு ஒரு பெட்டியே தாராளம். பழைய பெட்டி கிடைக்காதவர்களுக்கு, 'ஹாலோ 3' 2020 ஜூலையில் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது, தியேட்டரோடு.

எடிட்டிங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ், ஒலிக்கு ஆடாசிட்டி, வீடியோவை வெட்டி ஒட்ட டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. மூன்றுக்கும் காசு கிடையாது. தமிழில் வசன வரி போடுகிறவர்கள் மட்டும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில மென்பொருள்களில் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து தெரியும். மென்பொருளோடு மல்லுக்கட்டுவதைவிட, ஒழுங்காகத் தெரியும் வேறொரு இடத்தில் வரியைத் தட்டச்சு செய்து, பின்னணி இல்லாத படமாகச் சேமித்து, அதை வீடியோவின்மேல் வைப்பது எளிது. மொரிஷியஸ்காரர்களுக்குக் கிரியோலிலும், தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தமிழிலும் வரி போடுகிறோம். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். எங்கள் ரசிகர்களில் பாதிப்பேர் அத்தைகளும் பெரியம்மாக்களும். பார்ப்பது கைப்பேசியில், மூக்குக்கண்ணாடி இல்லாமல். சிரிப்பை முன்கூட்டிக் காட்டிக்கொடுக்காதபடி வசனத்தின் பின்பாதியைத் தனி வரியாக, சொல்லும் நேரத்தில் மட்டும் காட்டுங்கள். முழு வசனத்தையும் முதலிலேயே போட்டால் அவர்கள் படித்துச் சிரித்துவிடுவார்கள், பெரியவரின் 'ஜி...' வீணாகிவிடும்.

உரிமை விஷயம் கட்டாயம் பார்க்க வேண்டியது. ஹாலோவின் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுக் காட்சிகளை ரசிகர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று 2007இலேயே விதிகள் வெளியிட்டது. படத்தை விலைக்கு விற்கக்கூடாது. நிறுவனமே எடுத்த படம் என்று தோன்றும்படி விளையாட்டின் பெயரைத் தொடருக்கு வைக்கக்கூடாது. இது அந்த விதிகளின்கீழ் எடுக்கப்பட்டது, நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஒரு குறிப்பு போட வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் விதியும் வேறு, அவ்வப்போது மாறவும் செய்யும். எடுக்கும் முன் அவரவர் விளையாட்டின் விதியைப் படித்துவிடுங்கள். விளையாட்டின் பின்னணி இசையை நாங்கள் தொடுவதே இல்லை. கோயிலில் வாசிக்கும் ஒரு தம்பி தவில் அடித்துக் கொடுத்தார். விண்வெளிச் சிப்பாய் நடந்து வரும்போது தவில் கேட்டால், வசனமே தேவையில்லை.

கோயில் என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று. தைப்பூசக் காவடி எங்கள் நாட்டில் பொது விடுமுறை. அதற்கு முன் 10 நாள் விரதம். அந்தச் சமயத்தில் ஒரு பகுதி எடுத்தோம்: போர் உச்சத்தில் இருக்கும்போது சிப்பாய், "செஃப், விரதம். சுடக்கூடாது" என்கிறான். விசாரித்தால் எதிர்முகாமிலும் அத்தனை பேரும் விரதம். இரண்டு படையும் என்ன செய்வதென்று தெரியாமல் எதிரெதிரே நின்று, யார் வீட்டில் ஏழு கறி நன்றாக இருக்கும் என்று சண்டை பிடிக்கிறார்கள். எழுதியதைப் பெரியவரிடம் முதலில் காட்டினேன். விரதத்தைச் சாக்காகச் சொல்கிற சோம்பேறியைப் பார்த்துச் சிரிக்கலாம், விரதத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று சொல்லி, இரண்டு வரியை அடித்தார். அந்த இரண்டு வரியும் போனதில் பகுதிக்குக் கொஞ்சம்கூடக் குறைவில்லை. உள்ளூர்ச் சிறு சமூகத்தில் இப்படி எதையாவது செய்கிறவர்கள், வெளியிடுவதற்கு முன்னால் வயதில் மூத்த, நகைச்சுவை உணர்வும் உள்ள ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. இரண்டும் சேர்ந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

பகுதியின் நீளம் 3, 4 நிமிடம் போதும். அசையாத முகத்தை அதற்குமேல் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. சிரிப்புக் குறைகிறது என்று தோன்றும்போது வெடி வைக்கத் தோன்றும். கேமில் வெடிகுண்டுக்கு என்ன பஞ்சம்! வைக்காதீர்கள். ஒரு சிரிப்பு சரியாக விழவில்லையென்றால் பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்னால் இருக்கும் இடைவெளியில்தான். எக்ஸ்பாக்ஸ் 360இல் இந்த கேம் நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடுகிறது. அந்த 'ஜி...'க்குப் பிறகு நாங்கள் 10 ஃப்ரேம், அதாவது மூன்றில் ஒரு பங்கு நொடி, கூட்டினோம். அதுவரை சும்மா புன்னகைத்துக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆள் சேர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கன்ட்ரோலரைப் பிடிக்க, கேம் நன்றாக விளையாடுகிறவர்களைத் தேடிப் போகாதீர்கள். அவர்களால் ஒரு நிமிடம் சும்மா நிற்க முடியாது. தலைவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருப்பார், பின்னால் ஒரு சிப்பாய் குதித்துக்கொண்டே இருப்பான்; இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவனைச் சுட்டுவிடுவான். அக்கா மகனின் நண்பர்கள் எல்லாரையும் வைத்துப் பார்த்தோம், எல்லாரும் அப்படித்தான். ஒரு நாள் ஆள் குறைவாக இருந்ததால் அக்காவின் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, "வலது கட்டைவிரலை மட்டும் அசை, மற்றதைத் தொடாதே" என்றோம். வசனத்துக்கு வசனம் அத்தனை அழகாகத் தலையாட்டினாள். சீரியல் பார்த்துப் பழகியவள், எந்த இடத்தில் தலை திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இப்போது நீலப் படையில் முக்கியமான ஆளை அவள்தான் ஆட்டுகிறாள். சுடுவதற்கு எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று இதுவரை அவள் கேட்டதில்லை, நாங்களும் சொல்லவில்லை.